களை மண்டிய தோட்டத்தில் சிரிக்கவும் ரசிக்கவும்

என் வீட்டுப் பின்புறத்தில், மதிலோரமாக, 'ரோஜா' என்று நானே எழுதி ஊன்றிவைத்த சிறிய மரச்சீட்டு ஒன்று இருக்கிறது. அதற்குரிய ரோஜாச் செடி காய்ந்துபோய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அந்தச் சீட்டுக்கு நேர் பின்னால், இடுப்பளவு உயரத்தில், முறைப்படி பட்டா வாங்கிக் குடிவந்ததுபோல ஒரு நாயுருவி நிமிர்ந்து நிற்கிறது. சீட்டைப் பிடுங்கி எறிவதற்காக மூன்று முறை போனேன். மூன்று முறையும் சிரிப்பு வந்து திரும்பிவிட்டேன். நான்காவது முறை போகவில்லை.

நகரத்தில் வீட்டை ஒட்டிக் கொஞ்சம் மண் கிடைத்தவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் வருகிறார்கள். முதலில் ஆசையோடு பாத்தி கட்டுகிறார்கள்; பிறகு வேலை, பயணம், உடல்நலக் குறைவு என்று ஏதோ ஒன்று குறுக்கிடுகிறது; ஒரு மழைக்காலம் முடிந்து பின்கதவைத் திறக்கும்போது, தாங்கள் நட்டது எதுவும் கண்ணில் படாமல், நடாதவை எல்லாம் தோளுயரத்துக்கு வந்து வரவேற்கின்றன. அந்தக் கணத்தில் எழும் குற்றவுணர்வு, தோட்டத்தைப் பார்க்கவிடாமல் தடுக்கிறது. கண் முன்னே நிற்பது செடியாகத் தெரிவதில்லை. செய்யாமல் விட்ட வேலையாகத் தெரிகிறது. எனவே இந்தக் கட்டுரையில் களையெடுக்கும் முறையைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லப்போகிறேன். களைகளுக்கு நடுவே நின்று, எதைப் பார்ப்பது, எந்த நேரத்தில் பார்ப்பது, எதை விட்டுவைப்பது, எதை மட்டும் ஈவிரக்கமின்றிப் பிடுங்குவது என்பதே இங்கே பேச்சு.

இறங்குவதற்கு முன்

ரசனைக்குச் சில முன்னேற்பாடுகள் தேவை. மூடிய காலணியும் கணுக்கால் மறையும் உடையும் அணிந்துகொள்ளுங்கள். கையில் ஒரு கோல் இருக்கட்டும். புதருக்குள் காலை வைக்கும் முன் தரையைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் செல்வது, அங்கே படுத்திருக்கக்கூடிய உயிர்களுக்கும் உங்களுக்கும் நல்லது. அடுத்ததாக, தண்ணீர் தேங்கிய பொருள்களைத் தேடுங்கள். கைவிடப்பட்ட தோட்டங்களில் உடைந்த தொட்டி, கவிழாத வாளி, பழைய டயர், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு ஆகியவை கட்டாயம் இருக்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெறச் சாதகமான வெப்பத்தில் எட்டுப் பத்து நாள்கள் போதும் என்பதால், வாரத்துக்கு ஒருமுறை இவற்றைக் கவிழ்த்துவிட வேண்டும். களையை ரசிக்கலாம், கொசுப்பண்ணையை ரசிக்க எந்த வழியும் எனக்குத் தெரியவில்லை.

பார்த்தீனியம் இருந்தால் அதற்கும் இரக்கம் காட்ட வேண்டாம். கேரட் இலை போன்ற பிளவுபட்ட இலையும், சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்களும் கொண்ட இந்தச் செடி, தொட்டவர்களுக்குத் தோல் அரிப்பையும், அதன் மகரந்தத்தைச் சுவாசித்தவர்களுக்கு ஒவ்வாமையையும் தரக்கூடியது. ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும் என்பதால், கையுறை அணிந்து, மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள். எருக்கம் பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு ஏற்படும். அதை ஒடித்த கையைக் கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது. இவ்வளவுதான் எச்சரிக்கைகள். மற்றவற்றோடு சமாதானமாகப் போகலாம்.

பெயர் தெரிந்துகொள்வது

அடையாளம் தெரியாத கூட்டம் கூட்டமாகவே தெரியும். ஒருவருடைய பெயர் தெரிந்தவுடன் கூட்டம் கலைந்து முகங்கள் தோன்றத் தொடங்கும். தோட்டத்துக்கும் அது பொருந்தும். ஒரு நாளைக்கு ஒரு செடி என்ற கணக்கில், பூவோடும் இலையோடும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, அதன் பெயரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கைப்பேசிச் செயலிகள் ஓரளவு உதவும்; வயதான ஒருவரிடம் காட்டிக் கேட்டால் பெயரோடு ஒரு கதையும் கிடைக்கும். தமிழில் இந்தச் செடிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் நகைச்சுவை அறிந்தவர்கள் என்பது சீக்கிரமே புரிந்துவிடும்.

குப்பைமேனியை எடுத்துக்கொள்வோம். குப்பை மேட்டில் வளர்ந்து, அந்தப் பெயரையும் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்ட செடி. ஆனால் அதே செடிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயரும் உண்டு. அதன் வேரை வெளியே எடுத்துப் போட்டால் பூனைகள் தேடிவந்து, முகர்ந்து, அதன்மேல் உருண்டு புரளும். மனிதர்களை ஒருபோதும் வணங்காத ஒரு பிராணி, நாம் குப்பை என்று ஒதுக்கியதன் முன்னால் தரையில் விழுந்து புரள்வதைக் காண்பதற்காகவே தோட்டத்தில் ஒரு குப்பைமேனியை வைத்திருக்கலாம். நெருங்கிப் பார்த்தால் அதன் தண்டில் பச்சை நிறக் கிண்ணங்களைப் போன்ற சிற்றிலைகள் அடுக்கடுக்காக இருக்கும். பூ என்று நாம் நினைத்துக் கடந்துபோவது அந்தக் கிண்ணங்களைத்தான்; உண்மையான பெண்பூக்கள் அவற்றுக்குள் ஒளிந்திருக்கின்றன.

நாயுருவியின் காய்கள் நீண்ட கதிரில் தலைகீழாகத் தொங்கியபடி, முனையெல்லாம் கூராகக் காத்துக்கொண்டிருக்கும். நாயானாலும் பேன்ட் அணிந்த மனிதரானாலும் உரசிச் செல்பவரின் மேல் ஏறிப் பயணம் செய்வதே அவற்றின் திட்டம். தோட்டத்தைச் சுற்றிவிட்டு வீட்டுக்குள் வந்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து உடையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து வாசலில் எறியும்போது, விதை பரப்பும் வேலையைக் கூலியில்லாமல் முடித்துக் கொடுத்தது நாம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இதைப் போன்ற எரிச்சலிலிருந்துதான் ஒரு கண்டுபிடிப்பே பிறந்தது. 1941இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்ட்ரால் தன் நாயோடு நடந்துவிட்டு வந்து, அதன் மயிரில் ஒட்டியிருந்த பர்டாக் என்னும் களையின் காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கொக்கிகள் தெரிந்தன. பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு, 1955இல் அவர் காப்புரிமை பெற்ற ஒட்டுப்பட்டைதான் இன்று பைகளிலும் காலணிகளிலும் 'சர்ர்' என்று ஓசையெழுப்பும் வெல்க்ரோ.

தொட்டாற்சிணுங்கி இருந்தால் அதற்கு முன்னால் சற்று நேரம் செலவழியுங்கள். தொட்டவுடன் அதன் சிற்றிலைகள் மடங்குவதற்குக் காரணம், அவற்றின் அடியிலுள்ள சிறு புடைப்புகளில் இருக்கும் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகளும் அவற்றைத் தொடர்ந்து தண்ணீரும் வெளியேறி, அந்தப் பக்கம் தளர்ந்துபோவதுதான். சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் மீண்டும் விரிந்துவிடும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் தெஃபோந்தேன், இந்தச் செடிகளைக் குதிரை வண்டியில் ஏற்றிப் பாரிஸ் நகரத் தெருக்களில் சுற்றிவரச் செய்திருக்கிறார். கல் பாவிய தெருவில் வண்டி குலுங்கத் தொடங்கியதும் எல்லா இலைகளும் மூடிக்கொண்டன. குலுக்கல் நிற்காதபோதும், சிறிது நேரம் கழித்து அவை மெல்லத் திறந்துகொண்டன. செடிக்கு வண்டி பழகிவிட்டது. தொட்டிச் செடிகளை மடியில் வைத்துக்கொண்டு, அவற்றின் முகத்தையே உற்றுப் பார்த்தபடி ஊர்சுற்றியவரைத் தெருவில் நின்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணும்போதெல்லாம் எனக்குத் தாவரவியல்மேல் பற்று கூடுகிறது.

தோல்வியை ஒரு பதிவேட்டில் எழுதுவது

தோட்டத்தின் சிரிப்பில் பெரும்பங்கு நம்மைப் பற்றியது. அதை எழுதிவைத்தால்தான் சிரிக்க முடியும். எழுதாவிட்டால் அது வெறும் எரிச்சலாகக் கரைந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீங்கள் திட்டமிட்டதை எழுதுங்கள். வலப்பக்கம் நடந்ததை எழுதுங்கள். என் பதிவேட்டில் இடப்பக்கம் "சாமந்தி, இரண்டு வரிசை" என்றும், வலப்பக்கம் "கோரை, எண்ணிலடங்கா வரிசை" என்றும் இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் "புல்லை நேற்று வெட்டினேன்" என்பதற்கு எதிரே "ஹோஸ் குழாயையும் சேர்த்து வெட்டியிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறேன். புல்லுக்குள் நான்கு மாதம் காணாமல் போயிருந்த குழாய் அது. கிடைத்த மகிழ்ச்சியும் இழந்த துக்கமும் ஒரே வினாடியில் வந்தன.

கோரையைப் பற்றி ஒரு பத்தி தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1977இல் களை அறிவியலாளர்கள் உலகின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்தியபோது முதல் இடத்தைப் பெற்ற செடி இது. மேலே பார்த்தால் ஒரு சாதாரணப் புல்லைப்போல் இருக்கும்; தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று பட்டைகள் தட்டுப்படும் என்பதை வைத்து இது புல் அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். மண்ணுக்கு அடியில் மெல்லிய தண்டுகளால் இணைக்கப்பட்ட கிழங்குகள், கோத்த மணிகளைப்போலத் தொடர்ந்து செல்லும். அந்தத் தொடர் அறுபடாமல் இருக்கும்வரை பல கிழங்குகள் உறங்கிக்கொண்டிருக்கும். நாம் ஆவேசமாகக் கொத்திக் கிளறித் தொடரை அறுத்துவிட்டால், தடை நீங்கிய கிழங்குகள் தனித்தனியாக முளைவிடும். ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் ஏழு வருவது மனப்பிரமை அன்று. அவற்றை எழுப்பிவிட்டது நம் கைதான். இது தெரிந்த பிறகு கோரையோடு சண்டை போடுவதை நான் குறைத்துக்கொண்டேன். வெட்டிய புல்லையும் அட்டையையும் தடிமனாகப் பரப்பி வெளிச்சத்தை மறைத்தால் அது தளரும். ஆனாலும் அட்டையைத் துளைத்துக்கொண்டு ஒரு முளை நேராக மேலே வரும் நாள் நிச்சயம் உண்டு. அந்த நாளில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"இத்தனை விதைகள் எங்கிருந்து வந்தன?" என்று தோட்டத்தைப் பார்த்து வியக்காதவர் இல்லை. அவற்றில் பல எங்கிருந்தும் வரவில்லை, மண்ணுக்குள்ளேயே இருந்தன. 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர், களைவிதைகள் எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்று அறிவதற்காக, 21 வகைச் செடிகளில் வகைக்கு 50 விதைகளை எடுத்து, ஈர மணலோடு கலந்து, அப்படி 20 குப்பிகளை நிரப்பிக் கல்லூரி வளாகத்தில் புதைத்தார். குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒவ்வொரு குப்பியாகத் தோண்டி எடுத்து முளைக்கவைத்துப் பார்க்கிறார்கள். வெளிச்சம் பட்டால் மண்ணிலுள்ள விதைகள் விழித்துக்கொள்ளும் என்பதால் தோண்டும் வேலை இரவில் நடக்கிறது; விவரம் தெரியாத யாராவது பார்த்தால் புதையல் தேடுகிறார்கள் என்றே நினைப்பார்கள். 2021இல் எடுத்த குப்பியில், 142 ஆண்டுகள் காத்திருந்த வெர்பாஸ்கம் என்னும் களையின் விதைகள் முளைத்தன. அடுத்த குப்பிக்கு 2040. கடைசிக் குப்பிக்கு 2100. சோதனையைத் தொடங்கியவர் போய்ச் சேர்ந்து நூறு ஆண்டுகள் ஆகின்றன. விதைகளில் சில இன்னும் போகவில்லை.

நடைமுறையில் இதற்கு ஒரு பயன் இருக்கிறது. மண்ணைக் கிளறும்போதெல்லாம் உள்ளே உறங்கும் விதைகளில் ஒரு பகுதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம். ஆகையால், "ஒரே நாளில் எல்லாவற்றையும் கொத்திச் சுத்தப்படுத்திவிடுகிறேன்" என்று கிளம்புவது அடுத்த மாதத்துக்கான விதைப்பாகவே முடியும். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு வலுவான காரணம் வேறெங்கும் கிடைக்காது.

தாழ்ந்து உட்காருவது

நின்றபடி மேலிருந்து பார்த்தால் களை மண்டிய தோட்டம் ஒரு பச்சைக் குழப்பம். அழகு முழங்கால் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு தாழ்வான முக்காலியை எடுத்துச் சென்று, செடிகளின் நடுவே, கண் செடியின் உயரத்துக்கு வரும்படி உட்காருங்கள். 1503இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் நீர்வண்ணத்தில் தீட்டிய ஒரு புல்திட்டு இப்போது வியன்னாவிலுள்ள அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தேவதையோ அரசனோ இல்லை. சாலையோரத்தில் யாரும் மிதித்துக்கொண்டு போகக்கூடிய புற்களும், அகன்ற இலைகள் தரையோடு விரியும் ஒரு களையும், இதழ் மூடிய டான்டலியன் மொட்டுகளும், அவற்றின் அடியில் ஈர மண்ணில் இறங்கும் வேர்களும் மட்டுமே இருக்கின்றன. ஒரு முயல் எந்த உயரத்திலிருந்து பார்க்குமோ அந்த உயரத்திலிருந்து அவர் பார்த்திருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஓவியத்தின் முன் மனிதர்கள் நிற்கிறார்கள் என்றால், நம் பின்புறத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் என்று நான்கு குச்சிகளை நட்டுக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சதுரத்துக்குள் இருபது நிமிடம் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. அதற்குப் பிறகுதான் எறும்பு வரிசை கண்ணில் படும், இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் முட்டை தெரியும், வலையின் நடுவே கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் பெருக்கல் குறிபோல் வைத்துக்கொண்டு ஒரு சிலந்தி உட்கார்ந்திருப்பது புலப்படும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

அந்த லென்ஸை முதலில் மூக்குத்திப்பூண்டின்மேல் வையுங்கள். வெட்டுக்காயப் பூண்டு என்றும் இதற்குப் பெயருண்டு. நீண்ட மெல்லிய காம்பின் நுனியில், மஞ்சள் நடுவும் சுற்றிலும் வெளிர்நிற இதழ்களும் கொண்ட ஒரு சிறிய பூ இருக்கும். அது ஒரு பூ அன்று. பல பூக்களின் கூட்டம். நடுவிலுள்ள ஒவ்வொரு மஞ்சள் புள்ளியும் தனிப் பூ. சுற்றியுள்ள ஐந்தாறு இதழ்களின் நுனி, யாரோ சிறிய பல்லால் கடித்ததுபோல மூன்று பற்களாகப் பிளந்திருக்கும். பூத்து முடிந்தபின் அதே காம்பின்மேல் சாம்பல் நிறப் பஞ்சுருண்டை ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு விதைக்கும் இறகுபோன்ற குடை உண்டு. சாயங்கால வெயிலுக்கு எதிரே பத்துப் பதினைந்து பஞ்சுருண்டைகள் ஒன்றாக நிற்கும்போது, நடைபாதை விரிசலில் முளைத்த செடி என்பதை மறந்துவிடுவோம்.

பிறகு முடக்கத்தானைத் தேடுங்கள். கைவிடப்பட்ட வேலியிலும், யாரும் உட்காராத நாற்காலியிலும் அது பற்றிச் சுருண்டு ஏறியிருக்கும். என் தோட்டத்தில் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அது முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது அந்த நாற்காலியில் உட்காருவதென்றால் அதனிடம் அனுமதி கேட்க வேண்டும். காகிதம்போல் மெல்லிய, காற்றடைத்த பச்சைப் பைகளாகத் தொங்கும் அதன் காய்கள் முற்றிப் பழுப்பேறியதும் ஒன்றைப் பறித்து மெதுவாகப் பிரியுங்கள். உள்ளே மூன்று அறைகள் இருக்கும். அறைக்கு ஒன்றாக, மிளகு அளவில், கறுத்த உருண்டையான விதைகள் இருக்கும். ஒவ்வொரு விதையின் ஒரு பக்கத்திலும், யாரோ தூரிகையால் வரைந்ததுபோல, வெள்ளை நிறத்தில் ஓர் இதய வடிவம். காய்க்குள் விதை ஒட்டியிருந்த இடத்தின் தழும்பு அது. இதய விதை என்ற பொருளில்தான் அதற்குக் 'கார்டியோஸ்பெர்மம்' என்ற அறிவியற்பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் விதையைப் பார்த்ததும் தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவதிலும் இருந்தது. அன்று காலை நாற்பது காய்களுக்குமேல் பிரித்துப் பார்த்துவிட்டு, வேலைக்குத் தாமதமாகப் போனேன்.

புளியாரையின் காய்களும் இப்படி விளையாடக் கூடியவை. இதய வடிவச் சிற்றிலைகள் மூன்று சேர்ந்த இலையும் மஞ்சள் பூவும் கொண்ட அந்தத் தரையொட்டிச் செடியில், மெழுகுவர்த்திபோல் நிமிர்ந்து நிற்கும் முற்றிய காயை விரல் நுனியால் லேசாக அழுத்தினால், விதைகள் பட்டென்று தெறித்துச் சில அடி தூரம் பறக்கும். பெரியவர்கள் இதைச் செய்வதற்கு முன் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்.

எருக்கையும் பருப்புக்கீரையையும் ஒரே தோட்டத்தில் விட்டுவைத்தவர்களுக்கு ஒரு நாடகம் காணக் கிடைக்கலாம். எருக்கிலையில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளும், முதுகில் மூன்று சோடிக் கறுப்பு இழைகளும் கொண்ட புழு இருந்தால், அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால், ஒருமுறை சுவைத்துப் பார்த்த பறவை மறுமுறை இதை நெருங்குவதில்லை. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால், பருப்புக்கீரையைத் தின்று வளரும் வேறொரு பட்டாம்பூச்சி இனம் இருக்கிறது. அதற்கு நஞ்சு எதுவும் கிடையாது. அந்த இனத்தின் பெண் மட்டும் வெந்தய வரியனின் ஆரஞ்சு நிறத்தையும், கறுத்த சிறகு முனையிலுள்ள வெள்ளைப் பட்டையையும் அப்படியே உடுத்திக்கொண்டு பறக்கும். ஆண் கறுப்பு நிறத்தில், பெரிய வெள்ளைப் பொட்டுகளோடு, எந்த வேடமும் போடாமல் திரியும். இரண்டு களைகள், ஒன்று நஞ்சுள்ளவரை வளர்க்கிறது, மற்றொன்று அவரைப்போல் நடிப்பவரை வளர்க்கிறது. துப்புரவான புல்வெளியில் இந்த நாடகத்துக்கு மேடையே கிடையாது.

பார்க்கும் நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் எந்தத் தோட்டமும் தட்டையாகத்தான் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும் முதல் ஒரு மணி நேரத்தில், சூரியனைப் பார்த்தபடி நின்று, செடிகளின் ஊடாக ஒளி வருமாறு பாருங்கள். புல்லின் ஒவ்வொரு கதிருக்கும் ஓர் ஒளிக்கோடு கிடைக்கும். நேற்றுவரை இருப்பதே தெரியாத சிலந்தி வலைகள் பனித்துளியோடு வெளிப்படும்.

ஓரத்தை மட்டும் வெட்டுவது

நீங்கள் ரசிக்கத் தொடங்கிவிட்டீர்கள். அக்கம்பக்கத்தவர் இன்னும் தொடங்கவில்லை. "எப்போது சுத்தப்படுத்தப் போகிறீர்கள்?" என்ற கேள்வி மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். விளக்கம் சொல்லி யாரையும் மாற்ற முடியாது. ஓர் அரிவாளும் அரைநாள் உழைப்பும் மாற்றும். தோட்டத்தின் எல்லை நெடுக, வழியோரமும் மதிலோரமும், ஓரிரு அடி அகலத்துக்கு மட்டும் நேர்கோடாகப் புல்லை வெட்டிவிடுங்கள். நடுவில் ஒன்றையும் தொட வேண்டாம். அதுவரை 'கவனிப்பாரற்ற இடம்' என்று தோன்றிய அதே புதர், கோடு விழுந்தவுடன் 'வேண்டுமென்றே விட்டுவைத்தது' என்று தோன்றத் தொடங்கும். அமெரிக்க நிலவடிவமைப்பு அறிஞர் ஜோன் நசாவர் 1995இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். ஒழுங்கற்ற இயற்கையை மனிதர்கள் ஏற்றுக்கொள்ள, அதைச் சுற்றி யாரோ அக்கறையோடு பராமரிக்கிறார்கள் என்பதற்கான சிறு அடையாளங்கள் போதும் என்பது அவருடைய வாதம். வெட்டிய ஓரம், பழுதில்லாத வேலி, ஒரு பெஞ்சு ஆகிய எதுவும் அந்த அடையாளமாகலாம்.

அடுத்து, புதருக்குள் வளைந்து செல்லும் ஒரு பாதையை வெட்டுங்கள். நேராக வெட்டினால் நான்கே எட்டில் தோட்டம் முடிந்துவிடும். வளைத்து வெட்டினால் சிறிய நிலத்திலும் அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்ற ஆவல் மிஞ்சும். பாரிஸில் 1992இல் திறக்கப்பட்ட ஆந்த்ரே சித்ரோயன் பூங்காவில், ஜில் கிளெமான் வடிவமைத்த 'இயங்கும் தோட்டம்' என்ற பகுதி உண்டு. செடிகள் தாமாக விதை உதிர்த்து இடம் மாறும்போது அவற்றைத் தோட்டக்காரர் துரத்துவதில்லை. எங்கே புல்லை வெட்டுவது என்பதைச் செடிகளைப் பார்த்து முடிவு செய்கிறார். வீட்டிலும் இதைச் செய்யலாம். சென்ற ஆண்டுப் பாதையின் நடுவில் ஒரு தும்பை பூத்து நின்றால், பாதை அதைச் சுற்றிக்கொண்டு போகட்டும். பெர்லினில் இதையே பெரிய அளவில் காணலாம்: 1952இல் பயன்பாடு நின்றுபோன ரயில் யார்டு ஒன்றை மரங்களும் புற்களும் எடுத்துக்கொண்டன, 2000இல் அது சுட்கெலெண்டே இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. தண்டவாளங்களைப் பெயர்க்கவில்லை. அவற்றின் நடுவே வளர்ந்த மரங்களையும் பெயர்க்கவில்லை.

மற்ற பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துருப்பிடித்த மண்வெட்டி, உடைந்த தொட்டி போன்றவற்றில் கண்ணுக்கு இதமான ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அப்புறப்படுத்துங்கள். பிளாஸ்டிக் பைகள் எக்காரணம் கொண்டும் இருக்கக் கூடாது. செடிகளுக்கு நடுவே ஒரே ஒரு பை கிடந்தாலும் முழுத் தோட்டமும் குப்பைமேடாகத் தெரியும். பெயர்ச்சீட்டுகளைப் பிடுங்க வேண்டாம். முடிந்தால் புதிதாகச் சிலவற்றை எழுதி வையுங்கள். கோரைக்கு "அனுமதியின்றி நுழைந்தவர்" என்று நான் ஒன்று வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள், பிறகு சுத்தம் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இருட்டும்வரை இருப்பது

வாரத்தில் ஒரு நாளாவது சூரியன் சாயும் நேரத்தில் கீழே இறங்குங்கள். வெளிச்சம் குறையக் குறையப் புளியாரை தன் மூன்று சிற்றிலைகளையும் குடையைப்போல் கீழே மடக்கிக்கொள்ளும். தொட்டாற்சிணுங்கியும் யாரும் தொடாமலேயே மூடிக்கொள்ளும். 1729இல் பிரெஞ்சு அறிவியலாளர் த மேரான் இப்படி இலை மூடும் செடி ஒன்றை எடுத்து இருட்டறையில் வைத்தார். வெயிலே இல்லாத அந்த அறையிலும் அது காலையில் இலை விரித்து, மாலையில் மூடிக்கொண்டது. செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற ஆராய்ச்சிக்கு அதுதான் தொடக்கம். நம் தோட்டத்தில் அதைக் காண இருட்டறை வேண்டாம். முக்காலியும் பொறுமையும் இருந்தால், ஒரே செடியில் எந்த இலை முதலில் தூங்கப்போகிறது, எது அடம்பிடிக்கிறது என்றுகூடப் பார்த்துவிடலாம்.

இலைகள் மூடியபின் எழுந்து வாருங்கள். வரும் வழியில் உடையில் ஒட்டிய நாயுருவியை வாசலிலேயே தட்டிவிடுங்கள். அடுத்த ஆண்டு வாசலில் முளைத்தால் அதற்கும் ஒரு சீட்டு எழுதிக்கொள்ளலாம். ஹோஸ் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு வர மறக்க வேண்டாம். நான் இன்று மறந்துவிட்டேன். எங்கே வைத்தேன் என்று காலையில் கோலோடு போய்த் தட்டித்தான் பார்க்க வேண்டும்.